ஆகு, ஆக்கு: இரண்டு படைப்புக் கதைகளை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: ஒப்பிலக்கியத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜப்பானியப் படைப்புத் தொன்மத்தையும் எபிரேயப் படைப்புத் தொன்மத்தையும் ஒப்பிட்டு 25 பக்கத்தில் ஆய்வேடு தர வேண்டும். இதுவரை ஒன்பது ஒற்றுமைகள் சேர்த்திருக்கிறேன்: ஆதி நீர், முதல் தம்பதி, ஏழு தலைமுறை – ஏழு நாள், பெண் செய்த பிழை, சாப்பிட்டதால் வந்த சாவு, நாணல் படகில் விடப்பட்ட குழந்தை, பார்க்கக் கூடாது என்ற தடை, நீராடித் தூய்மை பெறுதல், பகைகொண்ட உடன்பிறப்புகள். ஜப்பானியர்கள் இஸ்ரவேலின் தொலைந்துபோன கோத்திரம் என்று ஒரு காணொளி சொல்கிறது. இரு மொழிகளிலும் ஒரே ஒலியுள்ள சொற்களின் பட்டியலும் அதில் இருக்கிறது. அதைச் சேர்க்கலாமா? நெறியாளர் அட்டவணை போடச் சொல்கிறார். எங்கே தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் காணொளியை முடித்துவிடுவோம். அசீரியர்கள் கி.மு. 722இல் சமாரியாவைப் பிடித்தபின் வரலாற்றிலிருந்து மறைந்த இஸ்ரவேலின் வடநாட்டுக் கோத்திரங்களை உலகத்தின் எல்லா மூலையிலும் தேடியிருக்கிறார்கள். ஜப்பானில் தேடியவர் என். மெக்லியோட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், காலம் 1870கள். பிறகு 1908இல் சயேகி யோஷிரோ என்ற ஜப்பானிய அறிஞர், கியோட்டோவின் உசுமாசா பகுதியில் குடியேறிய ஹதா குலத்தாரை யூதர்களோடு இணைத்து எழுதினார். அந்தக் கருத்துதான் சொல்லடுக்குகளோடும் கோயில் படங்களோடும் இன்று காணொளியாகச் சுற்றுகிறது.

சொல் பட்டியலை நம்பாதீர்கள். ஏன் என்பதற்கு நம் மொழியிலேயே உதாரணம் உண்டு. எபிரேயத்தில் மனிதன் ‘ஆதாம்’, மண் ‘அதாமா’. தொடக்க நூல் (ஆதியாகமம், வேதாகமத்தின் முதல் நூல்) இந்தச் சொல்விளையாட்டை வேண்டுமென்றே செய்கிறது. தமிழிலும் ‘மனிதன்’, ‘மண்’ என்று ஒலி பொருந்துகிறது. ஆனால் ‘மனிதன்’ வடமொழி வழி வந்தது, ‘மண்’ திராவிடச் சொல். ஒலிப்பொருத்தம் தற்செயல். இரண்டு பெரிய அகராதிகளைக் கொடுத்தால் எந்த இரு மொழிக்கும் இப்படிப் பட்டியல் போட்டுவிடலாம்.

கடன் வாங்கியதை எப்படி அடையாளம் காண்பது? உண்மையான கடன் கண்ணில் படும்படி இருக்கும். நோவாவின் பேழையிலிருந்து காகமும் புறாவும் பறக்கவிடப்படுகின்றன. பாபிலோனிய கில்காமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையில் புறா, தகைவிலான், காகம் பறக்கவிடப்படுகின்றன. நிகழ்ச்சி ஒன்று, அதன் வரிசையிடம் ஒன்று, தேவையில்லாத சில்லறை விவரம்கூட ஒன்று. ஜப்பானியப் பக்கத்திலும் இப்படி ஒரு கடன் பச்சையாகத் தெரிகிறது: ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகியின் முதல் வரிகள். வானும் மண்ணும் பிரியாமல், இன்னும் யின் – யாங் (சீனச் சிந்தனையின் பெண் – ஆண் ஆற்றல்கள்) பிரியாமல், எல்லாம் கோழிமுட்டை போலக் கலங்கிக் கிடந்தது என்று அவை சொல்வது ‘ஹுவாய்நான்ஸி’ முதலான சீன நூல்களின் தொடர்களை எடுத்துக் கோத்தது. உங்கள் ஒன்பது ஒற்றுமைகளில் இந்த அளவுக்குச் சொல்லோடு சொல் பொருந்துவது ஒன்றுகூட இல்லை. எனவே ‘தொடர்பு உண்டா’ என்ற கேள்வியை முன்னுரையில் ஒரு பத்தியில் மூடிவிட்டு, ஒரே கேள்விக்கு இரு மக்கள் எப்படி வெவ்வேறாகப் பதில் சொன்னார்கள் என்று கேளுங்கள். 25 பக்கத்துக்கு அதுவே ஏராளம்.

இனி உங்கள் அட்டவணை. அதில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) போட்டிருப்பீர்கள்: ஜப்பான், எபிரேயம். அங்கேதான் கோளாறு. குறைந்தது நான்கு பத்திகள் வேண்டும்.

எபிரேயப் பக்கத்தில் தொடக்க நூல் 1:1 முதல் 2:3 வரை ஒரு கதை. 2:4இல் தொடங்கி 3ஆம் அதிகாரம் முடிய இன்னொரு கதை. இதைப் பார்க்க எபிரேயம் தெரிய வேண்டியதில்லை. பழைய தமிழ் வேதாகமத்தைப் பிரித்து வையுங்கள். முதல் அதிகாரம் முழுக்க ‘தேவன்’. 2:4இலிருந்து ‘தேவனாகிய கர்த்தர்’. பொது மொழிபெயர்ப்பில் பார்த்தால் ‘கடவுள்’, பிறகு ‘ஆண்டவராகிய கடவுள்’. எபிரேயத்தில் முதலில் எலோகிம், பின்பு யாவே எலோகிம். இந்தப் பெயர் மாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்த்ருக் 1753இல் இரண்டு மூலங்கள் என்ற கருத்தை அச்சில் வைத்தார். நிகழ்ச்சி வரிசையும் வேறு. முதல் கதையில் செடி, விலங்கு, கடைசியில் ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாவதில் முதலில் ஆண், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் பெண்.

ஜப்பானியப் பக்கத்திலும் இரண்டு நூல். கொஜிகி 712இல் முடிந்தது. ஹியேதா நோ ஆரே மனப்பாடமாக வைத்திருந்ததை ஓ நோ யசுமாரோ எழுத்தில் கொண்டுவந்தார் என்று அதன் முன்னுரை சொல்கிறது. நிஹோன் ஷோகி 720இல் முடிந்தது, 30 மடலம், மொழி சீனம். இதன் சிறப்பு, ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு ‘ஒரு நூல் இவ்வாறு சொல்கிறது’ என்று மாற்றுப் பாடங்களை அடுக்குவது. தீவுகள் பிறக்கும் பகுதிக்கு மட்டும் பத்து மாற்றுப் பாடங்கள். முதல் தம்பதியில் ஆணான இசனாகி, இறந்த மனைவி இசனாமியைத் தேடிப் பாதாளமான யோமிக்குப் போன கதை இதன் முதன்மைப் பாடத்தில் இல்லவே இல்லை, மாற்றுப் பாடங்களில்தான் இருக்கிறது. முதன்மைப் பாடத்தில் சூரிய தேவி தாய் தந்தை இருவருக்கும் பிறந்த மகள். கொஜிகியிலோ தந்தையின் இடக் கண்ணைக் கழுவும்போது தோன்றியவள். இது தெரியாமல் ‘ஜப்பானியத் தொன்மம் சொல்கிறது’ என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார். 25 பக்கத்துக்குக் கொஜிகியை அடிப்படையாக வையுங்கள். தொடக்கத்திலிருந்து இசனாகி நீராடும் காட்சி வரை போதும். நிஹோன் ஷோகி மாறுபடும் இடங்களை மட்டும் தனிப் பத்தியில் குறியுங்கள். முரண்பட்ட பாடங்களை ஒரு மரபு உரிமையாளர் பெயர்கூடச் சொல்லாமல் வரிசையாக அடுக்கியது, இன்னொரு மரபு ஒரே ஓட்டமாகத் தைத்துவிட்டது. இதுவே நல்ல ஒப்பீட்டுப் புள்ளி. தையல் தெரியும் இடம் 2:4.

சரி, எதை ஒப்பிடுவது? பாத்திரங்களை விடுங்கள். வினைச்சொற்களைப் பிடியுங்கள்.

நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம். ஆகு – ஆக்கு, தோன்று – தோற்றுவி. எபிரேயக் கதை ‘ஆக்கு’ பக்கம் நிற்கிறது. முதல் வாக்கியத்தின் வினை ‘பாரா’, படைத்தார். ‘அசா’ செய்தல். இரண்டாம் கதையில் மனிதனுக்கு ‘யாசர்’, குயவன் பிசைந்து வனையும் வினை. பெண்ணுக்கு ‘பானா’, வீடு கட்டும் வினை. பழைய தமிழ் வேதாகமம் இந்தக் கடைசி இரண்டையும் ‘உருவாக்கி’ என்றே தந்திருப்பதால் வனைதலும் கட்டுதலும் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. எபிரேய வினையைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஜிகி திறப்பதே ‘ஆகு’ என்ற வினையில். வானும் மண்ணும் முதலில் தொடங்கிய காலத்தில் உயர்வானப் பரப்பில் ‘ஆன’ தெய்வங்களின் பெயர் இவை என்கிறது. யார் ஆக்கியது என்ற கேள்வியே எழவில்லை. மூன்று தெய்வங்கள் ஆகின்றன, உடல் மறைக்கின்றன. அப்போது நிலம் இளசு; நீரில் மிதக்கும் எண்ணெய் போலவும் சொறிமீன் போலவும் அலைகிறது. அதிலிருந்து நாணல் குருத்து போல ஒன்று முளைத்து எழ, மேலும் இரண்டு தெய்வங்கள். பிறகு ஏழு தலைமுறை: முதல் இரண்டு தலைமுறை தனித்தனி, அடுத்த ஐந்தும் இணைகள், கடைசி இணை இசனாகியும் இசனாமியும். அவர்கள் வந்தபின் வினை மாறுகிறது, ‘ஈனு’. தீவுகளைப் பெற்றெடுக்கிறார்கள். ஜப்பானிய அரசியல் சிந்தனையாளர் மருயாமா மசாவோ 1972இல் எழுதிய கட்டுரையில் உலகத் தோற்றக் கதைகளைச் செய்தல், ஈனுதல், ஆதல் என்ற மூன்று வினைகளின் கீழ் பிரித்துப் பார்த்தார்; ஜப்பானியக் கதை ஆதலின் பக்கம் சாய்கிறது என்றார்.

இதை அப்படியே எழுதினால் பாதி மதிப்பெண்தான். விதிவிலக்குகளில்தான் சுவை. இசனாகி இசனாமிக்கு மூத்த தெய்வங்கள் இட்ட கட்டளையைப் பாருங்கள்: அலையும் இந்த நிலத்தைச் செப்பனிட்டு, இறுக்கி, ஆக்கு. அங்கே பிறவினை வந்துவிட்டது. மணி பதித்த ஈட்டியை வானத்தின் மிதக்கும் பாலத்திலிருந்து இறக்கி உப்புநீரைக் ‘கொவொரோ கொவொரோ’ என்று கலக்குகிறார்கள். தூக்கும்போது முனையிலிருந்து சொட்டிய உப்பு குவிந்து ஒனொகொரோ தீவாகிறது. பின்னால் 14 தீவுகளின் கணக்கைச் சொல்லும் இடத்தில் கொஜிகி ஒரு குறிப்புப் போடுகிறது: ஒனொகொரோ மட்டும் பெற்றது அல்ல. எழுதியவருக்கே வினை வேறுபாடு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

எபிரேயப் பக்கத்திலும் எதிர் வினை எட்டிப் பார்க்கிறது. 2:4இல் வானமும் பூமியும் படைக்கப்பட்ட ‘வரலாறு’ என்று தமிழில் இருக்கும் சொல் எபிரேயத்தில் ‘தோலெதோத்’. வேர்ப்பொருள் ஈன்றவை, வழிவந்தவை. ஆதாமின் வம்ச வரலாறு என்று 5:1இல் வருவதும் இதே சொல். பிள்ளை பெறுவதற்கான சொல் வானத்துக்கும் பூமிக்கும்! 1:11இல் பூமியே புல்லை முளைப்பிக்கிறது. ஆக்குபவரின் கதைக்குள் ஆவதும் ஈனுவதும் தடம் விட்டிருக்கின்றன. நான்கு பத்திகளிலும் எந்த வினை எங்கே வருகிறது என்று வண்ணப் பென்சிலால் குறியுங்கள். ஆக்கலுக்கு ஒரு நிறம், ஈனலுக்கு ஒன்று, ஆதலுக்கு ஒன்று. ஒரு வாரம் பிடிக்கும். ஆய்வேட்டின் முதுகெலும்பு அதுவே.

அடுத்து ‘பெண் செய்த பிழை’. இதை அப்படியே விட்டால் ஆய்வேட்டை இதுவே கவிழ்த்துவிடும்.

ஒனொகொரோவில் வானத்தூணை நட்டு, இசனாகி இடப்புறமாகவும் இசனாமி வலப்புறமாகவும் சுற்றி வந்து சந்திக்கிறார்கள். இசனாமி முதலில் பேசிவிடுகிறாள்: ஆகா, எவ்வளவு நல்ல ஆண்மகன்! பெண் முதலில் பேசியது சரியில்லை என்று இசனாகி சொன்னாலும் கூடுகிறார்கள். பிறந்தது ஹிருகோ, அட்டைப்பிள்ளை. நாணல் படகில் வைத்து விட்டுவிடுகிறார்கள். அடுத்துப் பிறந்த அவாஷிமாவும் கணக்கில் சேரவில்லை. மேலே போய் மூத்த தெய்வங்களிடம் கேட்கிறார்கள். அந்தத் தெய்வங்களுக்கும் காரணம் தெரியவில்லை, குறி பார்க்கின்றன. தெய்வங்களே குறி பார்க்கும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள், எபிரேயக் கதையில் நினைத்தே பார்க்க முடியாத காட்சி. குறியில் வந்த பதில்: பெண் முதலில் பேசியதே கோளாறு, திரும்பிப் போய்ச் சொல் மாற்று. போகிறார்கள், மறுபடி சுற்றுகிறார்கள், இப்போது ஆண் முதலில் பேசுகிறான், அவாஜி தீவு பிறக்கிறது.

ஏவாளின் கதையில் நடப்பது வேறு. அங்கே வெளிப்படையான தடை ஒன்று இருக்கிறது, தூண்டுபவன் இருக்கிறான், தெரிந்தே மீறல், பிறகு விசாரணை, தீர்ப்பு. திரும்பச் செய்ய வழியில்லை. இசனாமி எந்தக் கட்டளையையும் மீறவில்லை. நடந்தது சடங்கில் முறைப்பிசகு. தாலி கட்டும்போது திசை தவறி நின்றால் நகர்ந்து நிற்கச் சொல்வார்களே, அந்த வகை. திருத்தமும் சடங்குதான். ஆணுக்கு முந்துரிமை தரும் மனப்பாங்கு இரண்டிலும் உண்டு என்று எழுதலாம்; ஜப்பானியப் பிரதியில் அது சீன யின் – யாங் சிந்தனையின் சாயல் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ‘இருவரும் பாவம் செய்தனர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். கொஜிகியின் இந்தப் பகுதியில் பாவம் என்ற கருத்துக்கு இடமே இல்லை. போகிற போக்கில் இன்னொன்று: ஏதேனில் ஆப்பிளும் இல்லை. எபிரேயத்தில் ‘பழம்’ என்று மட்டுமே இருக்கிறது. பெயர் சொல்லி வருவது அத்தி இலை.

சாப்பிட்டதால் சாவு என்பதும் அப்படியே. தீத்தெய்வம் ககுசுச்சியைப் பெற்றபோது வெந்து இறந்தவள் இசனாமி. அவள் முதலில் இறக்கிறாள், பிறகுதான் யோமியின் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டதால் அந்த வீட்டுக்காரியாகிவிட்டாள், திரும்ப முடியவில்லை. ஏதேனில் முதலில் சாப்பிடுகிறார்கள், பிறகு சாவு வருகிறது. காரண காரியம் தலைகீழ். யோமிக் காட்சிக்கும் அங்கே வரும் ‘பார்க்கக் கூடாது’ தடைக்கும் உண்மையான இணை கிரேக்கத்தில் இருக்கிறது: பாதாளத்தில் மாதுளை தின்றதால் அங்கே கட்டுண்ட பெர்செபொனி, இறந்த மனைவியை மீட்டு வரும் வழியில் திரும்பிப் பார்த்த ஆர்ஃபியூஸ்.

நாணல் படகை நீக்குங்கள். மோசேயையும் ஹிருகோவையும் சேர்த்தால் அக்காட் மன்னன் சார்கோனையும் சேர்க்க வேண்டும், நம்ம கர்ணனையும் சேர்க்க வேண்டும். ஏழு தலைமுறை – ஏழு நாளையும் நீக்கலாம். ஒன்று உறவுமுறைக் கணக்கு, மற்றது காலக் கணக்கு. எண்தான் வேண்டுமென்றால் முதல் அதிகாரத்தில் ஏழு எப்படி நெய்யப்பட்டிருக்கிறது என்று காட்டுங்கள்: எபிரேயத்தில் முதல் வசனம் ஏழு சொல், இரண்டாவது பதினான்கு. ‘நல்லது’ என்ற மதிப்பீடு ஏழு முறை வருகிறது (4, 10, 12, 18, 21, 25, 31). இரண்டாம் நாளுக்கு மட்டும் இல்லை, மூன்றாம் நாளுக்கு இரண்டு. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்து பொறுக்காமல் இரண்டாம் நாளுக்கும் ஒன்று சேர்த்துவிட்டது. கொஜிகியின் எண் எட்டு: முதலில் பிறந்த எட்டுத் தீவு, எட்டுப் பாக (விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம்) மாளிகை, இசனாமியின் உடலில் எட்டு இடித்தெய்வங்கள். நீராட்டத்தைத் திருமுழுக்கோடு ஒப்பிட வேண்டாம். யோமியிலிருந்து வந்த இசனாகி கழுவுவது பிணத்தீட்டை. எபிரேயத்தில் அதற்கு இணை எண்ணாகமம் 19, பிணத்தைத் தொட்டவனின் ஏழு நாள் தீட்டும் செங்கிடாரிச் சாம்பல் கலந்த நீரும். உடன்பிறப்புப் பகை உங்கள் எல்லைக்கு வெளியே, தொடக்க நூல் 4இல், விடுங்கள்.

ஆதி நீர் இருக்கலாம், ஒரு திருத்தத்தோடு. முதல் எபிரேயக் கதையில் நீர் மிகுதி, அதை ஒதுக்கினால்தான் தரை. இரண்டாவதில் நீர் பற்றாக்குறை: இன்னும் மழை பெய்யவில்லை, நிலத்தைப் பண்படுத்த மனிதனும் இல்லை (2:5). கொஜிகியின் உப்புநீருக்கு முதல் கதை இணை, இரண்டாவது இணையே அல்ல. நான்கு பத்தி ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

ஒன்பதிலும் நீங்கள் பிடிக்காமல் விட்டது, இரண்டு கதைகளும் முடியும் இடம். ஏதேன் கதையின் கடைசிக் காட்சி ஒரு வாசல் அடைபடுவது: கிழக்கே கேருபீன்கள், சுழலும் சுடர்வாள், வாழ்வு மரத்துக்குப் போகும் வழி மூடியாயிற்று. யோமிக் கதையின் கடைசிக் காட்சியும் ஒரு வாசல் அடைபடுவதே: ஆயிரம் பேர் இழுக்க வேண்டிய பாறையை யோமியின் சரிவில் உருட்டி நிறுத்துகிறான் இசனாகி. பாறைக்கு அப்பாலிருந்து இசனாமி: உன் நாட்டு மக்களில் ஒரு நாளைக்கு 1,000 பேரை நெரித்துக் கொல்வேன். இப்பாலிருந்து இசனாகி: நான் ஒரு நாளைக்கு 1,500 பேறுகுடில் கட்டுவேன். தொடக்க நூலில் ‘மண்ணுக்குத் திரும்புவாய்’ என்ற தீர்ப்பு 3:19. அடுத்த வசனத்திலேயே மனைவிக்கு ஏவாள் என்று பெயரிடுகிறான், உயிருள்ளோருக்கெல்லாம் தாய். சாவு அறிவிக்கப்பட்ட மூச்சோடு பிறப்பும் அறிவிக்கப்படுகிறது, இரண்டிலும்.

வேறுபாடும் அதே இடத்தில் நிற்கிறது. ஒன்றில் மூடப்பட்டது சாகாத இடம். மற்றதில் மூடப்பட்டது செத்தவர்களின் இடம். ஒன்றில் கணவனும் மனைவியும் சேர்ந்தே வெளியே வருகிறார்கள். மற்றதில் பாறை நடுவே நிற்க மணமுறிவு. ஐந்து பக்கம் இதற்குத் தாராளமாக ஒதுக்குங்கள். கடன் வாங்கிய ஒற்றுமை என்று சொல்ல முடியாத, ஆனால் மேலோட்டமானது என்றும் தள்ள முடியாத ஒப்பீடு இது.

இன்னொரு ஐந்து பக்கம் சூரியனுக்கு. தொடக்க நூல் 1இல் ஒளி முதல் நாள், சூரியன் நான்காம் நாள். சூரியன், நிலா என்ற பெயரே அங்கு வராது. ‘பெரிய சுடர்’, ‘சிறிய சுடர்’. முதல் அதிகாரம் இறுதி வடிவம் பெற்றது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பாபிலோன் சிறையிருப்பை ஒட்டிய காலம் என்பது ஆய்வாளர்களில் பெரும்பான்மையோர் கருத்து. சுற்றிலும் சூரியனும் நிலவும் தெய்வங்கள். விளக்கு என்று சொன்னாலே போதும், தெய்வப் பதவி போய்விடும். கொஜிகி போவது நேர் எதிர்த்திசை. கதை முழுக்க இசனாகியின் இடக் கண்ணை நோக்கித்தான் நகர்கிறது: அங்கே தோன்றும் அமதெராசு அரச குலத்தின் மூதாதை. வலக் கண்ணில் நிலவின் தெய்வம் சுகுயோமி, மூக்கில் சுசானோ.

ஏன் அப்படி என்பதற்கு அரசியல் காரணம் உண்டு. 672இல் வாரிசுப் போரில் வென்று அரியணை ஏறியவர் பேரரசர் தென்மு. பல குடும்பங்கள் வைத்திருக்கும் வம்சக் குறிப்புகளில் பொய் கலந்துவிட்டது, திருத்த வேண்டும் என்று அவர் ஆணையிட்டதாகக் கொஜிகியின் முன்னுரை சொல்கிறது. பெற்றெடுத்த 14 தீவுகளின் பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: ஹொக்கைடோ இல்லை, ஒகினாவா இல்லை. பிறந்தது உலகம் அல்ல, யமாதோ (அன்றைய ஜப்பான்) அரசின் நாடு. தொடக்க நூல் 1இலோ இஸ்ரவேல் என்ற பெயரே கிடையாது. ஆபிரகாம் வர 12ஆம் அதிகாரம் நெருங்க வேண்டும். அங்கே கதை போய் நிற்கும் இடம் அரசன் இல்லை, ஓய்வுநாள்.

நடைமுறைத் தொல்லைகள் சில. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஆங்கிலக் கொஜிகி, சேம்பர்லின் 1882இல் செய்தது. தூணருகே ‘உன் உடல் எப்படி அமைந்திருக்கிறது’ என்று இசனாகி கேட்கும் இடத்தில் அது திடீரென லத்தீனுக்குத் தாவிவிடும். அச்சுப்பிழை இல்லை, விக்டோரியக் காலக் கூச்சம். அந்த உரையாடல் ஒப்பீட்டுக்கு முக்கியம் (ஆகிமுடியாத ஓர் இடம், ஆகி மிஞ்சிய ஓர் இடம், இங்கும் வினை ஆதல்தான்), ஆகவே இருபதாம் நூற்றாண்டுக்குப் பிந்திய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஜிகி இந்தத் தம்பதி பெற்ற தெய்வங்கள் 35 என்கிறது. பெயர்களை எண்ணினால் 40 வரும். பிரதியின் எண்ணைச் சொல்லி, உங்கள் எண்ணிக்கையை அடைப்பில் தாருங்கள். இசனாகி ஆண், இசனாமி பெண்: தட்டச்சில் ‘கி’யும் ‘மி’யும் இடம் மாறினால் கதையே கவிழும், கடைசிப் படியில் தேடல் வசதியால் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கொஜிகியின் தெய்வங்களைக் குறிக்கும் ‘காமி’ என்ற சொல்லைக் ‘கடவுள்’ என்று எழுத வேண்டாம். கொஜிகிக்கு 44 மடலத்தில் உரை எழுதி 1798இல் முடித்த மோதோரி நோரினாகா, இயல்புக்கு மீறிய ஆற்றலால் வியப்போ அச்சமோ ஊட்டும் எதுவும் காமி என்றார். நல்லதுதான் என்றில்லை, தீயதும் சேரும், மரமும் கடலும் மலையும் சேரும். நம் ‘தெய்வம்’ ஓரளவு தாங்கும். இந்தச் சொற்சிக்கல் பழையது. நம் முத்துக்குளித்துறையில் 1540களில் பணியாற்றிய சவேரியார் 1549இல் ஜப்பான் போனார். முதலில் கடவுளை ‘தைனிச்சி’ என்று அறிமுகப்படுத்தினார், அது பௌத்தத்தில் மகாவைரோசனர் என்ற புத்தரின் பெயர் என்று புரிந்ததும் விட்டுவிட்டு ‘தேயுஸ்’ என்ற லத்தீன் சொல்லையே வைத்துக்கொண்டார்.

பக்கக் கணக்கு: பிரதிகளும் எல்லையும் 4, வினைகள் 7, முறைப்பிசகும் மீறலும் 4, அடைபட்ட வாசல் 5, சூரியனும் அரசும் 5. அட்டவணை பின்னிணைப்பில்.

அட்டவணையில் ‘மனிதர் தோற்றம்’ என்ற வரிசைக்கு வரும்போது எபிரேயப் பத்திகள் இரண்டும் நிறைந்திருக்கும். கொஜிகிப் பத்தி காலி. மனிதரை யாரும் படைக்கவில்லை, பெறவும் இல்லை. யோமியிலிருந்து ஓடிவரும் இசனாகி, துரத்தியவர்களை விரட்ட உதவிய மூன்று பீச் பழங்களுக்கு நன்றி சொல்லும்போது, என்னைக் காத்ததுபோல் இந்த நாட்டில் வாழும் ‘அஓஹிதோகுசா’ துன்பப்படும்போதும் காப்பாற்றுங்கள் என்கிறான். பச்சை மனிதப் புல் என்று பொருள். மனிதர்கள் கொஜிகிக்குள் நுழைவது அப்படித்தான், ஏற்கெனவே முளைத்து நிற்கும் புல்லாக. நெறியாளர் கேட்டாலும் இசனாகி – இசனாமியை அங்கே முதல் மனிதராக எழுதிக் கட்டத்தை நிரப்பிவிடாதீர்கள். ‘இல்லை’ என்று எழுதி, இந்த ஒரு சொல்லை அதன்கீழ் குறித்துக் கொடுங்கள்.